பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வேலைக்கு வாருங்கள் என்ற எங்கள் ராத்தா

உயிரைத் தந்தவனும் குறித்த வேளையில் அதைத் திரும்ப அழைத்துக்கொண்டவனுமாகிய வல்ல இறைவனைப் புகழ்ந்து இந்த நினைவுகளைத் தொடங்குகிறேன்.

எங்கள் ராத்தா, என் மூத்த சகோதரி, வபாத்தாகி ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் உறவுமுறையில் ராத்தா அல்லர். ஆனாலும் கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் அவரை வேறு விதமாக அழைத்தவர்கள் குறைவு. அவரைவிட மூத்த பெண்கள்கூட வாசலில் நின்று “ராத்தா” என்றுதான் கூப்பிடுவார்கள். “எனக்கு முன்னம் பொறந்தவளுகளுக்கும் நான் ராத்தாவாம். அப்ப எனக்கு எத்தின வயசிரிக்கும்?” என்று அவர் சிரிப்பார். கூடப் பிறந்தவள் என்ற உரிமையில் அவருடைய வாழ்க்கையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அழுதுகொண்டு எழுத எண்ணவில்லை. ஜெயித்த ஒருவரைப் பற்றி அழுதுகொண்டு எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

ராத்தா கல்முனைக்குடியில், கடற்கரைக்கு அண்மையிலிருந்த எங்கள் வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார். நான் இளையவள். வாப்பா மீனை ஏலத்தில் எடுத்து உட்புற ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பவர். நான் நடை பழகும் வயதில் வாப்பா காய்ச்சலில் வபாத்தானார். கணவனை இழந்தவர் வீட்டோடிருக்கும் இத்தாக் காலம் முடிந்ததும், வேறு வழியின்றி உம்மா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் புறப்பட்டார். போகும்போது என்னைத் தூக்கி ராத்தாவின் இடுப்பில் வைத்துவிட்டுப் போனார். உம்மாவின் தம்பியான எங்கள் மாமாவின் வீடு பக்கத்திலேயே இருந்தது. மாமா கல்யாணம் முடிக்காத வாலிபர். துணிக்கடையில் வேலை செய்து எங்களுக்குச் சாப்பாடு போட்டார். ஆனால் பிள்ளை பார்க்க அவருக்குத் தெரியாது.

ராத்தா அப்போது ஒன்பதாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். கணக்கில் வகுப்புக்கே முதலாள். என்னை விட்டுப்போக ஆள் இல்லாததால் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டே போனார். வகுப்பாசிரியை இரக்கப்பட்டுப் கடைசி வாங்குக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரிக்க இடம் கொடுத்தாராம். பரீட்சையன்று நான் விழித்து, அந்த மண்டபமே அதிரும்படி கத்தியிருக்கிறேன். அதிபர் நல்ல மனிதர்தான். ஆனாலும், “புள்ள, பள்ளிக்கூடம் புள்ள வளக்கிற இடமில்லம்மா” என்று சொல்லிவிட்டார். ராத்தா புத்தகங்களை அடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். திரும்பிப் போகவில்லை. அதைச் சொல்லி அவர் அழுது நான் கண்டதில்லை. நான் படிக்கிற காலத்தில், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, என் கணக்குப் பாடத்தை நான் வாசிக்க வாசிக்க வாயாலேயே செய்து முடித்துவிடுவார்.

உம்மா திரும்பி வந்த பிறகு ராத்தாவுக்குக் கல்யாணம் நடந்தது. மச்சான் தச்சு வேலை செய்பவர், அதிகம் பேசமாட்டார். அல்லாஹ் இரண்டு ஆண் பிள்ளைகளைக் கொடுத்தான். வீட்டுச் செலவுக்குத் தோள் கொடுக்க ராத்தா ஒரு ஆடைத் தொழிற்சாலைக்குத் தைக்கப் போனார். விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். சின்ன மகனுக்கு மூச்சு இழுத்த ஒரு கிழமை, ஏழு நாளும், அவர் ஆசுபத்திரியில் பிள்ளையோடு இருந்துவிட்டுத் திரும்பிப் போனபோது, அவருடைய மெசினில் வேறொரு பெண் இருந்தாள். “வீட்டுப் பிரச்சினைய வீட்டோட வச்சிட்டு வரணும்” என்று மேற்பார்வையாளர் சொன்னாராம். “பிரச்சினைய வச்சிட்டு வரலாம். புள்ளய எங்க வச்சிட்டு வாற?” என்று அந்தக் கதையை எங்களிடம் சொல்லும்போது ராத்தா கேட்பார்.

கடல் எழுந்து ஊரை அள்ளிய வருடம் எங்கள் வீடும் போனது. மாமா பாடுபட்டு வைத்திருந்த சொந்தத் துணிக்கடையும் போனது. அல்லாஹ்வின் காவலால் எங்கள் உயிர்கள் மிஞ்சின. சில காலம் கழித்து மாமா சாய்ந்தமருதில் ஒரு கட்டடத்தை எடுத்து, பாடசாலைச் சீருடை தைக்கும் வேலைத்தளம் ஒன்றைத் தொடங்கினார். அதை நடத்த ராத்தாவைக் கூப்பிட்டார். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைப் பெண்களோடு பெரியநீலாவணையிலிருந்து தமிழ்ச் சகோதரிகளும் வேலைக்கு வந்தார்கள்.

இனி நான் எழுதப்போகும் பகுதியை அச்சுக்குக் கொடுக்குமுன் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். “நான் கத்தினதையும் போடு. அதப் போடாட்டி அவ செஞ்சது ஆருக்கும் விளங்கா” என்றார். ஆகவே போடுகிறேன்.

சீருடை வேலையில் ஒரு பொல்லாத சிக்கல் இருக்கிறது. புது வருடப் படிப்பு தொடங்குமுன் எல்லாச் சட்டையும் கடைகளுக்குப் போய்விட வேண்டும். ஆகவே வேலை மலையாகக் குவிவது ஆண்டு இறுதியில். பாடசாலை விடுமுறையும் அப்போதுதான். பிள்ளைகள் வீட்டில் நிற்பார்கள், தாய்மார் வரமாட்டார்கள். மாரி மழையும் அதே நேரம் ஊற்றும். ஆள் மிகத் தேவையான மாதத்தில்தான் மெசின்கள் வெறுமையாகக் கிடக்கும். ஒவ்வொரு வருடமும் மாமாவின் இரத்தக் கொதிப்பு ஏறும் பருவம் அது.

அந்த வருடம் விடுமுறைக்கு முன்பே தொல்லை தொடங்கிவிட்டது. பரீதா என்றொரு பெண், சட்டைக் கழுத்துப்பட்டியான கொலர் தைப்பதில் கை தேர்ந்தவர். அவர் இல்லாத நாளில் கொலர் இல்லாத சட்டைகள் தரையில் குவியும். அவர் ஒருநாள் வந்தால் மறுநாள் வரமாட்டார்.

“ஒண்டில் ஒழுங்கா வரச்சொல்லு, இல்லாட்டி நிக்கச்சொல்லு” என்றார் மாமா.

“முதல்ல ஏனெண்டு கேப்பம், மாமா” என்று ராத்தா பரீதாவின் வீட்டுக்குப் போனார். அப்போது நான் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பள்ளி விட்டு வந்த என்னையும் வழியில் கூட்டிக்கொண்டார். பரீதாவின் கணவர் ஆழ்கடல் மீனவர், போனால் கிழமைக் கணக்கில் கரைக்கு வரமாட்டார். பரீதா கைக்குழந்தையோடு வாசலில் நின்றார்.

“ஏன் பரீதா, நேத்து வந்த, இண்டைக்கு வரல்ல? சுகமில்லையா?”

பரீதா தலை குனிந்தார். அந்த நேரம் அவருடைய மூத்த மகள் ஹஸ்னா பாடசாலை விட்டு வந்தாள். புத்தகப் பையை இறக்கிவிட்டு, உம்மாவின் இடுப்பிலிருந்த தம்பியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். கேள்விக்கு அவள்தான் பதில் சொன்னாள்.

“இண்டைக்கு என்ட முறை, ராத்தா. நாளைக்கு உம்மாட முறை.”

ஒருநாள் மகள் பள்ளிக்கூடம் போவாள், உம்மா பிள்ளையைப் பார்ப்பார். மறுநாள் உம்மா வேலைக்குப் போவார், மகள் பிள்ளையைப் பார்ப்பாள். அந்த வீட்டின் ஒழுங்கு அது. ஹஸ்னா அதைக் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ராத்தா அவளுடைய தலையைத் தடவினார். பிறகு விடைபெற்றுக்கொண்டு இறங்கினார். திரும்பும் வழியெல்லாம் என் கையைப் பிடித்தபடியே நடந்தார். நான் கல்யாணம் முடித்தவள், வீதியில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

மறுநாள் காலை மாமா தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ராத்தா கேட்டார்: “மாமா, துணிக்கட்டு வைக்கிற பின் அறைய எனக்குத் தாங்க.”

“என்னத்துக்கு?”

“புள்ளைகளுக்கு. தாய்மார் புள்ளையோட வரட்டும். பாக்கிறதுக்குத் தங்கச்சி இரிக்கா.”

மாமா கோப்பையை வைத்தார். “உனக்கு மூள கழண்டு போச்சா? ஊசி, கத்தரிக்கோல், கரண்ட் வயர் கிடக்கிற இடம். இது தையல் வேலைத்தளம், புள்ள வளக்கிற இடமில்ல!”

ராத்தா சத்தம் போடவில்லை. “பள்ளிக்கூடத்திலயும் இதத்தான் சொன்னாங்க, மாமா. தொழிற்சாலையிலயும் இதத்தான் சொன்னாங்க. எல்லா இடமும் புள்ள வளக்கிற இடமில்ல எண்டா, புள்ளய எங்கதான் வளக்கிற?”

ராத்தாவின் இடுப்பில் வளர்ந்த என்னை அந்த நேரம் மாமா திரும்பிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம்.

“கடைக்காரன்ட ஓடர் பிந்திச்செண்டா?” என்று கடைசியில் கேட்டார்.

“பிந்தினா அறையையும் மூடுறன், நானும் வேலைய விட்டு நிண்டுகொள்ளுறன். இந்த ஒரு பருவம் தாங்க.”

அப்படித்தான் அது தொடங்கியது. துணிக்கட்டுகளைச் சுவரோரம் அடுக்கினோம். மச்சான் ஒரு நாளில் துணித் தொட்டிலான ஏணை இரண்டைத் தொங்கவிட மேலே வளை மரம் போட்டுத் தந்தார். சாந்தி அக்கா, பெரியநீலாவணையிலிருந்து வருபவர், தன் வீட்டிலிருந்து ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் கொண்டுவந்தார். நான் முன்பள்ளியிலிருந்து விலகி வந்துவிட்டேன்.

முதல் கிழமை தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும். சுவருக்கு அப்பால் உம்மாவின் குரல் கேட்கிறது, உம்மாவைக் காணவில்லை. பிள்ளைகள் கத்தினார்கள். பிள்ளை கத்தினால் எந்தத் தாய் தைப்பாள்? நிமிடத்துக்கொருவர் எழுந்து ஓடி வந்தார்கள். மாமா வாசலில் நின்று பெருமூச்சு விட்டார், “நான் சொல்லல்லயா?” என்பதுபோல.

“கதவ மூடி வச்சாத்தான் புள்ள அமைதியா இரிக்கும் எண்டு நினைச்சம். அது பிழ” என்றார் ராத்தா. மச்சானைக் கூப்பிட்டு முழுக் கதவைக் கழற்றச் செய்து, இடுப்பளவு அரைக் கதவு ஒன்று போடவைத்தார். கொளுக்கி வெளிப்பக்கம், சின்னக் கை எட்டாத இடத்தில். தாய்மாரின் மெசின்களை அந்தக் கதவைப் பார்த்தபடி திருப்பினோம். தலை நிமிர்ந்தால் பிள்ளை தெரியும். பிள்ளைக்கும் உம்மா தெரிவார். இரண்டாம் கிழமையில் அழுகை அடங்கிவிட்டது. பரீதாவின் மகன் அரைக் கதவைப் பிடித்து நின்று, தையல் சத்தத்துக்குத் தலையாட்டுவான். ஹஸ்னா ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போனாள்.

அறை மட்டும் போதாது என்று ராத்தா சீக்கிரமே கண்டுகொண்டார். பாடசாலைக்குப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள் எப்போதும் பிந்துவார்கள், எப்போதும் ஏச்சு வாங்குவார்கள். “பள்ளி மணி அடிச்சதுக்குப் பிறகு எங்கட மணி அடிப்பம்” என்று தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைத்தார். பால் கொடுக்கும் தாய்மாருக்கு இடையில் எழுந்துபோக யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தால் கைபேசியை எடுக்கலாம். நிறைமாதப் பெண்ணுக்குப் பொத்தான் தைக்கும் வேலை வீட்டுக்கே போகும்.

அண்ணன் முறை வைத்து நாங்கள் காக்கா என்றழைக்கும் ரஹீம், துணி வெட்டுபவர், எங்களிடம் இருந்த ஒரேயொரு ஆண் பணியாளர். அவருடைய மனைவி ஆசுபத்திரித் தாதி, பகல் கடமை வரும் நாட்களில் மகளை விட இடமில்லை. ஒருநாள் கூச்சத்தோடு மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ராத்தா திரும்பிப் பார்த்து, “ஏங்கா சிரிக்கிறீங்க? வாப்பாவும் பெத்தவர்தானே?” என்றார். பிள்ளையை வாங்கி என்னிடம் தந்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் எங்களிடம் தைத்த ஜெஸீமா முகத்தைத் தூக்கினாள். அவள் கல்யாணம் முடிக்காதவள். “புள்ள பெத்தவளுகளுக்கு எல்லாம் இரிக்கி. எங்களுக்கு என்ன இரிக்கி, ராத்தா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

ராத்தா கோபிக்கவில்லை. “கேட்டது சரி. உனக்கு என்ன வேணும், சொல்லு” என்றார்.

ஜெஸீமா எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தயங்கி, படுக்கையில் கிடக்கும் தன் வாப்பாவுக்குப் பகல் சாப்பாடு ஊட்டிவிட்டு வர நேரம் வேண்டும் என்றாள்.

“இவ்வளவு நாளா ஏன் கேக்கல்ல?”

“கேட்டாத் தருவீங்களெண்டு தெரியாதே.”

அன்றிலிருந்து ஜெஸீமா பகலில் போய்வந்தாள். அந்த அறைக்கு அவளைவிடப் பெரிய காவல் பிறகு யாருமில்லை.

விடுமுறை வந்தது. பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். மாமா மறுப்புச் சொல்லவில்லை, சிரிக்கவுமில்லை. பின் முற்றத்தில் தறப்பாளைக் கூரைபோல் கட்டிப் பெரிய பிள்ளைகளுக்கு இடம் செய்தோம். பாட்டும் படிப்பும் சண்டையும் சமாதானமுமாக நாள் ஓடியது. அதற்கிடையில் மழை பிடித்தது. வீதியில் முழங்காலளவு வெள்ளம், கரண்ட் இல்லை, மெசின்கள் நின்றுவிட்டன. பருவம் கையை விட்டுப் போகிறது என்று நான் பயந்தேன். ராத்தாவின் முகத்தில் அந்த நாட்களில் மட்டும் நான் கலக்கத்தைக் கண்டேன். தஸ்பீஹ் மணியை உருட்டியபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளம் முழுதாக வடியவில்லை; கரண்ட் வந்தது என்ற செய்தி மட்டும் பரவியது. நாங்கள் வேலைத்தளத்தைத் திறந்தபோது பரீதா ஏற்கனவே வாசலில் நின்றார், மகன் தோளில், சேலைக் கரை நனைந்தபடி. பிறகு சாந்தி அக்கா. பிறகு ஒருவர் பின் ஒருவராக, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும் கையில் பிடித்துக்கொண்டும், தண்ணீருக்குள்ளால் வந்தார்கள். ஒரு மெசின்கூட வெறுமையாக இருக்கவில்லை. ராத்தா யாரையும் அழைக்கவில்லை.

மாமா வாசலோரம் நின்றார். ஒவ்வொரு பிள்ளையையும் ஈரத்திலிருந்து தூக்கி உள்ளே விட்டார்.

ஓடர் குறித்த நாளுக்கு முன்பே முடிந்தது. லொறி போன மறுநாள், கல்முனை பசாரிலிருந்து ஒரு கடைக்காரர் மூச்சு வாங்க வந்தார். வேறு ஓரிடத்தில் கொடுத்த சட்டைகள் பாதியில் நிற்கின்றன, அங்கே விடுமுறை என்று பெண்கள் வரவில்லை, உங்களால் முடியுமா என்று கேட்டார். மாமா ராத்தாவைப் பார்த்தார். ராத்தா தையலறையைப் பார்த்தார். “என்னகா, ஏலுமா?” என்று கேட்டார்.

“ஓம்!” என்று அத்தனை பேரும் சொன்ன சத்தத்தில் ஏணையில் கிடந்த பிள்ளை ஒன்று விழித்து அழுதது. எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் மாமா. பிறகு ராத்தாவின் பக்கம் சாய்ந்து, மெதுவாக, “பக்கத்து அறையையும் ஒழிச்சுத் தரட்டா?” என்றார்.

புது வருடப் படிப்பு தொடங்கிய காலையில், நாங்கள் தைத்த வெள்ளைச் சட்டைகள் வீதியெல்லாம் நடந்துபோவதை ராத்தா வேலைத்தள வாசலில் நின்று பார்த்தார். அவற்றில் பாதியில் பரீதாவின் கொலர் இருந்தது. ஹஸ்னா கையசைத்துவிட்டுப் போனாள்.

அதன் பின் வந்த வருடங்களில் மாமா பொறுப்பு முழுவதையும் ராத்தாவிடம் ஒப்படைத்தார். வேலைத்தளம் இரண்டு மடங்கானது. சம்மாந்துறையிலிருந்து நெல் ஆலைக்காரர் ஒருவரும், ஒரு தனியார் வைத்தியசாலையின் நிர்வாகியும், வெதுப்பகம் நடத்தும் ஒரு தம்பியும் பார்த்துப்போக வந்தார்கள். ராத்தா ஒளிவு மறைவில்லாமல் சொல்லுவார்: “அறை கட்ட வசதியில்லையா, கட்டாதீங்க. நேரத்த மாத்திக் குடுங்க. நேரம் மாத்த ஏலாதா, பக்கத்தில புள்ள பாக்கிற வீட்டோட கதைச்சு ஒரு ஒழுங்கு செய்ங்க. ஒண்டும் ஏலாட்டி, புள்ளைக்குக் காய்ச்சல் எண்டு வாறவளுக்கு முகத்தச் சுழிக்காம லீவு குடுங்க. அதுக்கு ஒரு சதமும் போகா. ஆனா முதல்ல அவளுகளிட்டக் கேளுங்க. கேக்காம நீங்களா ஒண்டச் செஞ்சா, என்ட முதல் கிழமை போலதான் முடியும்.” ஆலைக்காரர் சிரித்துக்கொண்டு போனார். அவருடைய ஆலையில் இன்று நெல் காயவைக்கும் பெண்களின் பிள்ளைகளுக்கு நிழல் இருக்கிறது, ஒரு ஆசிரியையும் இருக்கிறார். அந்த ஆசிரியை என்னிடம் பயிற்சி பெற்றவர்.

ஹஸ்னா ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான செய்தி வந்த நாளில், ராத்தா மெசின்களை நிறுத்தி எல்லோருக்கும் இனிப்புக்கு வட்டிலப்பம் கொடுத்தார். தன் இரு மகன்களின் கல்யாணத்தில்கூட அவர் அவ்வளவு துள்ளியதில்லை என்று மச்சான் கேலி செய்வார். ஹஸ்னா இப்போது கணித ஆசிரியை.

கடைசி வருடங்களில் ராத்தாவுக்குச் சிறுநீரக நோய் வந்தது. இரத்தச் சுத்திகரிப்புக்கு ஆசுபத்திரிக்குப் போய்வருவார். போகாத நாட்களில் வேலைத்தளத்துக்கு வந்து, அரைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். சோர்வைப் பற்றிக் கதைக்கமாட்டார். இறுதி நாட்களில் ஆசுபத்திரிக் கட்டிலைச் சுற்றி அவரிடம் வேலை செய்த பெண்கள் முறை வைத்து நின்றார்கள். “வேலைக்குப் போங்ககா” என்று அதட்டுவார். “நீங்கதானே சொன்னீங்க, வீட்டில சுகமில்லாட்டி லீவு எண்டு” என்று ஜெஸீமா திருப்பிச் சொன்னாள். கலிமாவைச் சொன்னபடி, மகன்களும் நாங்களும் பக்கத்திலிருக்க, வெள்ளிக்கிழமை காலையில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். ஜனாஸாத் தொழுகைக்குப் பள்ளிவாசல் கொள்ளவில்லை. வீதியிலும் வரிசை நின்றது. அவர் கையில் வளர்ந்த வாலிபர்கள் ஜனாஸா வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோள் மாற்றி மாற்றி மையவாடிக்குச் சுமந்தார்கள்.

ராத்தாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், தாதிமாருக்கும், ஜனாஸாக் கடமைகளை முன்னின்று நடத்திய பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் ஊர் வாலிபர்களுக்கும், குர்ஆன் கத்தம் ஓதித் தந்தவர்களுக்கும், மரண வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், பெரியநீலாவணையிலிருந்து வந்து எங்களோடு அழுத சகோதரிகளுக்கும், கடைசி வரை ராத்தாவைக் கைவிடாத மச்சானுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேலைத்தளத்துப் பெண்களே, உங்களுக்கு நன்றி சொன்னால் ராத்தா ஏசுவார். நீங்கள் எங்கள் வீட்டார்.

மாமாவுக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ராத்தா இல்லாத இந்த ஒரு வருடமும், தளர்ந்த உடம்போடு தினமும் வந்து வேலைத்தளத்தை அவர்தான் நடத்துகிறார். போன கிழமை ஒரு இளம் பெண் வேலை கேட்டு வந்தாள். தையல் நன்றாகத் தெரியும் என்றாள். எல்லாம் பேசி முடிந்த பிறகும் போகாமல் நின்றாள். பிறகு, ஏச்சு வாங்கப்போகிறவளைப் போல, “கைப்புள்ள ஒண்டு இரிக்கி. கொண்டு வரலாமா?” என்று கேட்டாள்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

“கொண்டு வராம எப்பிடிப் புள்ள வேல செய்யப்போற?” என்றார்.

எங்கள் ராத்தாவின் மண்ணறையை அல்லாஹ் விசாலமாக்கி, ஒளியால் நிரப்புவானாக. வாசிக்கும் நீங்களும் ஆமீன் சொல்லுங்கள்.